வரையறு என்றால் படம் வரை

பத்தாம் வகுப்பில், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒரு புதுப்பெண் வந்து சேர்ந்தாள். அப்பா இறந்ததும் அம்மாவோடு பெங்களூரிலிருந்து உடையார்பாளையத்துக்கு, தாய்மாமன் வீட்டுக்கு வந்தவள். அதுவரை படித்தது கன்னடத்தில். தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அறிவியல் டீச்சர் வாய்விட்டு எதைக் கேட்டாலும், என் கை உயர்வதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே முதல் மாணவி நான்.

அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. மதியம் பழைய வினாத்தாள் ஒன்றோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாடமெல்லாம் தெரியுதுடி. கேள்வியோட கடைசி வார்த்தைதான் புரியல. 'வரையறு'ன்னா என்ன?"

நான் யோசிக்கவே இல்லை. "வரையணும். படம் போட்டாப் போதும்."

"'காரணம் கூறு'?"

"கூறுன்னா வாயால சொல்றது. பேப்பர்ல இடம் விட்டுடு. டீச்சர் அப்பறமா கூப்புட்டுக் கேப்பாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் இரண்டையும் கன்னடத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு தன் சத்துணவு முட்டையைப் பிட்டு, பாதியை என் தட்டில் வைத்தாள். தின்றேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் அவளுடையதை உயர்த்திப் பிடித்தார்.

"நிலைமம் வரையறுன்னு கேட்டா பஸ்ஸு வரைஞ்சு வெச்சிருக்கா. டிக்கெட் எடுத்துட்டியாம்மா?"

வகுப்பு குலுங்கியது. பஸ் பிரேக் போடுகிறது, உள்ளே நிற்பவர் முன்னால் சாய்கிறார். முதல் பெஞ்சிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. படம் சரிதான்.

"காரணம் கூறு எல்லாம் ஏன் காலியாக் கெடக்கு?"

"நீங்க கூப்புட்டுக் கேப்பீங்கன்னு..."

"ஓ, மகாராணிய நான் பேட்டி எடுக்கணுமா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றாள்.

மறுநாள் அவள் மாமாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "இதுக்குப் படிப்பு ஏறாதுங்க டீச்சர், நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டது. அடுத்த வாரம் அவள் இடம் காலியாக இருந்தது. அம்மாவோடு முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். தலைகுனிந்து கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்டி" என்றேன்.

"தெரியும்." கை நிற்கவில்லை. "மாமாகிட்ட அன்னைக்கே சொன்னேன். யாரு சொன்னா என்ன, நல்லதாப் போச்சுன்னுட்டாரு."

அவள் தலை நிமிர்ந்தாள்.

"நீ டீச்சர்கிட்ட சொல்றியா? அவங்க வூட்டுக்கு வந்து பேசுனா மாமா ஒருவேளை கேப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. மாதக் கடைசியில் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்து, பேனாவும் கொடுத்தேன். சிவப்பு மையில் அவள் பெயரை அடித்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.