மைத்துனன் வளர்த்த மண்மேடு

முருகன் அடியார்களுக்குத் திருத்தணியிலிருந்து, ஓய்வு பெற்ற ஒரு சுரங்க அதிகாரி எழுதுவது. எனக்கு வந்த வியாதி பொறாமை. அதை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

தெலங்கானாவில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கரியை எடுத்தபின், தோண்டிப் போட்ட மண்மேட்டைப் படிக்கட்டு போல் அகலமான படிகளாகச் சீர்செய்து, மேலே நல்ல மண் பரப்பி, மரம் நடுவது என் பிரிவு. அதற்கான விதிமுறையை எழுதியவனே நான்தான். அந்த விதிமுறைப்படி நான் நட்ட மேட்டில் இன்றுவரை முள்செடிதான் நிற்கிறது.

என் மனைவி சரோஜாவின் தம்பி தேவராஜ் அங்கே மண் தள்ளும் டோசர் வண்டி ஓட்டினான். பத்தாவது தாண்டாதவன். அவனிடம் விட்ட மேட்டில் வேம்பும் புங்கமும் காடாகிவிட்டன. இருவரும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, அவன் மேட்டை அங்குள்ள கிராமத்தாருக்கு மேய்ச்சல் நிலமாக ஒப்படைக்கும் விழா என்று நிர்வாகம் கடிதம் போட்டது. அவனுக்கு. என் கடிதம் தவறிவிட்டதோ என்று அஞ்சலகத்தில் விசாரித்தேன். தவறவில்லை. போடவே இல்லை.

"உன் தம்பிக்கு மண்ணுன்னா என்னன்னு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன் சரோஜாவிடம்.

"ஆங், நீங்கதான். நீங்க சொல்லிகினே இருந்தீங்க, அவன் நட்டுகினே இருந்தான்."

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு வாரம் இருந்தது. மலைப் படி ஏறினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஒப்படைப்பு விழா நடக்கக் கூடாது என்று வேண்டினேன். மனு எழுதுவதுபோல் இடம், நாள் எல்லாம் சொல்லி வேண்டினேன். இறங்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். உட்கார்ந்து, "முருகா, இந்த எரிச்சலையாவது எடுத்துவிடு" என்று அழுதேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலை, அங்கே போயிருந்த தேவராஜ் மேட்டின்மேல் நின்று வீடியோ அனுப்பினான். நான் மாடிக்குப் போய்ப் பதினைந்து தரம் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். கிடைத்தது. பந்தல் போட்ட படியில் மழைநீர் வடிகாலை மூடி, அழகுக்குப் பூச்செடி வைத்திருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். மறுபடி பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் ஒரு வரிசை வேம்பு மட்டும் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்றென்றால் எல்லா மரமும் சாயும். ஒரு வரிசை மட்டும் பின்னால் சாய்ந்தால், அடியில் மண் நழுவுகிறது என்று அர்த்தம். அவன் காலடியில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அங்கே ஒரு வாரமாக மழை; வடிகாலை மூடியதால் தண்ணீரெல்லாம் மேட்டுக்குள் இறங்கியிருக்கும்.

போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். நான் கேட்டது நடக்கப் போகிறது. சும்மா இருந்தால் போதும். கீழே சரோஜா பக்கத்து வீட்டாரிடம், "எந்தம்பிக்கு சால்வை போடப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முருகா என்று சொல்லிக்கொண்டு தேவராஜைப் போனில் கூப்பிட்டேன்.

விவரம் சொன்னதும், "பாவா, பொறாமையில பேசறீங்களா?" என்றான் தேவராஜ், பாதி விளையாட்டாக.

"ஆமாண்டா, பொறாமைதான். அதான் பதினைஞ்சு வாட்டி பார்த்தேன். மேட்டு மேலயும் யாரும் இருக்கக் கூடாது, அடிவாரத்துலயும் இருக்கக் கூடாது. ஆடு மாடெல்லாம் தூரமா ஓட்டச் சொல்லு."

"சரி பாவா. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்."

மறுநாள், விழா தொடங்க வேண்டிய நேரத்தில், மேட்டின் அந்தப் படி பந்தக்காலோடு சரிந்து இறங்கியது. மரங்கள் போயின. ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை.

விழா நடக்கக் கூடாது என்றேன், நடக்கவில்லை. எரிச்சலை எடு என்றேன். எடுக்காமல், அதைக் கொண்டே அத்தனை பேரைக் காப்பாற்றினான் முருகன். தேவராஜ் வந்ததும் என் முதல் வேண்டுதலை ஒளிக்காமல் சொன்னேன். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மட்டும், "நல்லா வேண்டிகினீங்க பாவா" என்று சிரித்தான்.

மழை விட்டபின் இருவரும் சுரங்கத்துக்குப் போனோம். என் மேட்டில் அவன் ஒரு பிடி மண்ணைக் கிள்ளிக் காட்டினான். பரப்புவதற்கு முன் நல்ல மண்ணை வருடக்கணக்கில் உயரமாகக் குவித்து வைத்திருந்தேன். உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விட்டது. "இப்ப என்னடா பண்றது?" என்று கேட்டேன். அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. மண்ணுக்கு உயிர் திரும்ப முதலில் கொள்ளு விதைக்கச் சொன்னான். விதைத்தோம்.

அன்பர்களே, உங்கள் வேண்டுதல் அழுக்காக இருக்கிறதே என்று வீட்டிலேயே நின்றுவிடாதீர்கள். அப்படியே மலையேறிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.