இடைவேளையில் ஒரு சுற்று

நேற்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடப் போய்க் கணுக்கால் பிசகிவிட்டதாம். மேசைக்கடியில் குனிந்து வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்தார். ஏசி அறையில் அந்தக் குளிர்ந்த நெடி எழுந்ததும் என் முன்னால் இருந்த திரை போய், மாட்டுங்காவில் எங்கள் கல்லூரியின் சிமெண்ட் கோர்ட் வந்து நின்றது. கூடவே கரும்புச்சாறு வாசனையும் வந்தது. இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள்.

எங்கள் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஐஸ், தெருமுனைக் கரும்புச்சாறு கடையிலிருந்துதான் வரும். சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி வருபவர் தத்தா பாவு, மராட்டிக்காரர். பகலில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலை. மாலையில் எங்கள் பையன்களின் முழங்காலும் கணுக்காலும் அவர் பொறுப்பு. அந்த ஐஸில் எலுமிச்சையும் இஞ்சியும் மணக்கும். அடிபட்ட காலில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவனைத் தேடிச் சற்று நேரத்தில் எறும்பு வரும். "கடிக்கட்டும்ல. கடிச்சது தெரிஞ்சா காலு உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்பார் துணைப் பயிற்சியாளர் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் தாராவியில் தையல் பட்டறை. எட்டு மிஷின். இளமையில் அவர் எந்த அணிக்கு ஆடினார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வரும். தலைமைப் பயிற்சியாளர் மணி சார், மாட்டுங்காக்காரர், ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டையோடு கோர்ட்டுக்கு வருவார், அப்படியே திரும்பிப் போவார். நடுவில் இரண்டு மணி நேரம் அந்தச் சட்டைக்கு வியர்வை என்றால் என்னவென்றே தெரியாது.

இவர்கள் மூவருக்கும் நடுவில் நான் போய்ச் சேர்ந்தது என் கெட்ட பழக்கத்தால். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவேன். செம்பூரில் எத்தனை மணி வண்டியில், எத்தனையாவது லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று ஒரு நோட்டே வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மணி சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"லிஸ்ட் போடற பொண்ணு நீதானே? சாயங்காலம் கோர்ட்டுக்கு வா. எங்களுக்கு ஒரு நோட்டு வேணும்."

முதல் நாள் நான் எழுதிய நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். 'பந்து இங்கிருந்து அங்கே போயிற்று' என்று அறுபத்தோரு வரி. மணி சார் அதைக் கடைசிவரை பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். போயிட்டுத் திரும்பி வந்ததா?" என்று மட்டும் கேட்டார். பையன்கள் அன்றே எனக்கு 'லிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த விஷயத்தைக் கவனித்தேன். ஆட்டம் நடக்கும்போது மூவரில் ஒருவர்கூடப் பந்தைப் பார்ப்பதில்லை. மணி சார் பாதங்களை மட்டும் பார்ப்பார். தத்தா பாவு, கீழே விழுந்தவன் எந்தக் கையை ஊன்றி எழுகிறான் என்று பார்ப்பார். அண்ணாச்சி பாதி நேரம் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டியபடி டீ குடித்துக்கொண்டிருப்பார். திரும்பாமலே, "நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குது, மாத்துங்க" என்பார். எட்டு மிஷின் ஓடும் இடத்தில் எது பழுதாகப் போகிறது என்று காதால் கண்டுபிடிக்கிறவருக்குப் பத்து ஜோடி ஷூ ஒரு பொருட்டா? பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். என் வாழ்க்கையில் வாய் பிளந்து நின்ற இடங்களைப் பட்டியல் போட்டால் முதல் இடம் அந்தப் பெஞ்சுக்கு.

அதைவிடப் பெரிய வியப்பு, இடைவேளைச் சுற்று. முதல் பாதி முடிந்ததும் மூவரும் பையன்களை விட்டுவிட்டுக் கோர்ட்டை ஒரு முறை சுற்றி நடப்பார்கள். ஒரே ஒரு சுற்று. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாம் அந்த நடையில் முடிந்துவிடும். மூவரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். ஆட்டம் முடியும்வரை காரணம் கேட்கக்கூடாது. திரும்பி வந்து பையன்களிடம் சொல்வது மணி சார். வேண்டாம் என்றது யார் என்பது மட்டும் ஒருநாளும் வெளியே வராது. பின்னால் என்னையும் நடையில் சேர்த்துக்கொண்டார்கள், அரை அடி பின்னால். "நீ நம்பர் மட்டும் சொல்லு. அபிப்பிராயம் எங்களண்ட நிறைய இருக்கு" என்றார் மணி சார்.

இசக்கிமுத்துவைப் பற்றிச் சொல்லாமல் இதெல்லாம் புரியாது. எங்கள் கேப்டன், ஏழாம் நம்பர். தாராவிப் பையன், அண்ணாச்சிக்கு அக்கா மகன். அவன் கடைசி வருடம் படிக்கும்போது கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க, ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறவர் வருவதாக இருந்தது. ஓர் இடம் காலி. ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் சேர்ந்த இடம். மணி சார்தான் மாதக்கணக்கில் அலைந்து அவரை வரவைத்தார். இசக்கி மூன்று வருடம் ஓடியது அந்த ஒரு நாளுக்காக. அவன் அம்மா அன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியில் இசக்கி பதினான்கு புள்ளி எடுத்தான். இரண்டே இரண்டு குறி தவறியது. ஆள் எடுக்கிறவர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். இடைவேளைக்குச் சற்று முன் இசக்கி எம்பிக் குதித்து, இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கி விழுந்தான். தானாகவே எழுந்தான். ஆனால் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. தத்தா பாவு ஸ்ப்ரே அடித்து ஐஸைக் கட்டினார். பிறகு நடந்தோம்.

"ஏழாம் நம்பர்?" என்றார் மணி சார். சொன்னேன். "அவன் உள்ள இல்லாத நேரம்?" இந்த சீசனில் அவன் வெளியே இருந்தபோதெல்லாம் நாங்கள் பின்தங்கியிருந்தோம் என்று சொன்னேன்.

தத்தா பாவு தன் தமிழில், "டேப் போட்டா பீஸ் மினிட் சலேகா, இருபது நிமிசம் ஓடும். நான் ஆகட்டும் சொல்றான்" என்றார்.

"எனக்கும் ஆகட்டும்தான்" என்றார் மணி சார்.

பாதிச் சுற்று முடிந்திருந்தது. கடைசி வரிசைக்கு அருகில் வந்தபோது அண்ணாச்சியின் அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி நடந்தார்.

"வேண்டாம் சார்" என்றார்.

மணி சாரின் நடை மாறவில்லை. தத்தா பாவு ஏறிட்டும் பார்க்கவில்லை. மீதிச் சுற்றை நால்வரும் நடந்து முடித்தோம். "இசக்கி, நீ உட்காரு" என்றார் மணி சார். அவ்வளவுதான். இசக்கி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். மூன்று புள்ளியில் தோற்றோம். மணி சார் அந்த ஆளிடம் போய்ப் பேசிப் பார்த்தார். பாதி ஆட்டத்தைப் பார்த்து எழுத முடியாது என்றார் அவர். அந்த இடம் எதிரணிப் பையன் ஒருவனுக்குப் போயிற்று.

எல்லாரும் போன பிறகு அண்ணாச்சியே சொன்னார். "அவன் விழும்போது ஒரு சத்தம் கேட்டுச்சி. ஊசி உடையதுக்கு முன்னால மிஷின்ல ஒண்ணு கேக்கும்லா, அது மாதிரி."

மறுநாள் தத்தா பாவு இசக்கியைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்பு சுத்தமாக இருந்தது. வெறும் சுளுக்கு.

அந்தப் படத்தோடுதான் இசக்கி மாலையில் கோர்ட்டுக்கு வந்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "எங்க கிராக்? காட்டுங்க. கோன் போலா? யாரு வேணாம்னது?"

"நான்தான்டா" என்றார் மணி சார்.

"நை பேட்டா, நான் சொன்னான்" என்றார் தத்தா பாவு.

"ரெண்டு பேரும் பொய் சொல்லுதாங்க. நாந்தாம்ல" என்றார் அண்ணாச்சி.

இசக்கி மாமாவைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க சும்மா இருங்க மாமா. நீங்க சொல்லுவீங்களா?" அவன் சந்தேகம் முழுவதும் மணி சார் மேல். படியேறிப் போகும்போது அந்தப் படத்தை மடக்கி, அவர் நாற்காலிக்கு அடியில் எறிந்துவிட்டுப் போனான். மணி சார் அதை எடுத்து நீவி, என் நோட்டுக்குள் வைத்தார். அதன் பிறகும் பல மாதம் அந்த மூவரோடு நடந்தேன். உங்களால்தான் என்று மற்ற இருவரின் பார்வைகூட அண்ணாச்சி பக்கம் போய் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் அவருடைய 'வேண்டாம்' பழைய எடையோடேயே இருந்தது.

இசக்கிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் மணி சார் இறந்துபோனார். பதின்மூன்றாம் நாள் அவர் வீட்டில் இசக்கியைப் பார்த்தேன். சான்பாடாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறான். ரயில்வே வேலை அதன் பிறகு வரவேயில்லை. பந்தியில் எனக்கு அடுத்து உட்கார்ந்தான்.

"லிஸ்ட்டு, நீ கூட நடந்தேல்ல. சச்சீ போல், உண்மைய சொல்லு. சார்தானே?" கோபமாகக் கேட்கவில்லை. "அவரு மேல அவ்ளோ கோவமா இருந்துட்டேன். ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். அதான் கேக்குறேன்."

எதிர்வரிசையில் அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. சார்தான் என்று சொன்னால் இறந்தவர் மேல் பழி. இல்லை என்று சொன்னால் மீதி இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் எதிரே இருக்கிறார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

இசக்கி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு பழைய மாதிரியே சிரித்தான். "அச்சா. இப்ப நாலு பேரு" என்று சொல்லி, ரசத்துக்குச் சோற்றைக் குழித்தான். அண்ணாச்சி கையிலிருந்த சோறு வாய்க்குப் போயிற்று.

அந்தக் கோர்ட் இப்போது இல்லை. புதுக் கட்டடத்தின் கார்கள் அங்கே நிற்கின்றன. ஒரு நாள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். பாதியில் மதில் வந்துவிடுகிறது. அண்ணாச்சியின் பட்டறை இருந்த சந்தும் இல்லை. அவர் மகளோடு காட்கோபர் போய்விட்டார். தத்தா பாவு எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கரும்புச்சாறு கடை இருந்த இடத்தில் செல்போன் கடை.

எங்கள் அலுவலகத்தில் ஏதாவது தவறினால், முடிவு எடுத்தது யார் என்று பார்க்க ஒரு பதிவேடு இருக்கிறது. நான் வடிவமைத்ததுதான், எல்லாரும் பாராட்டினார்கள். ஸ்ப்ரே வாசனை அடங்கிய பிறகு நேற்று அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு கட்டம். அதில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறேன்.