மூன்றில் ஒரு பொய்

மோகனாவால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. கால் ஆடும், கால் நின்றால் விரல் ஆடும், இரண்டும் நின்றால் வாய்க்குள் ஏதாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸை ஆலங்காயம் ரூட்டில் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் ஏறியதைக் கண்ணாடியில் பார்க்கவே தேவையில்லை. பின்னால் சீட்டுக்கட்டைக் கலைக்கிற சத்தம் சரசரவென்று ஆரம்பித்துவிடும். கடவுளே, காலங்காத்தாலே!

என் பெயர் பெருமாள். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. வண்டி ஹாரனைவிட என் வாய்தான் அதிகம் அடிக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். சொல்லட்டும். இந்தக் கதையைக் கோபப்படாமல் சொல்ல என்னால் ஆகாது.

மோகனாவின் ஊர் ஆலங்காயம் தாண்டி மலையடியில் இருக்கிறது. என் பஸ் புறப்படுகிற இடமே அதுதான். முதலில் ஏறுகிறவளும் அவள்தான். பி.எஸ்சி. கணக்கு படித்தவள். கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார், வாரம் ஒரு தடவை வருவார். ஒரு சின்னப் பெண் குழந்தை. அவள் வேலைக்கு வந்ததே என் பஸ்ஸால்தான். மாமியார் பூவம்மாள் முதல் நாளே பஸ்ஸை மறித்துக்கொண்டு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தோ பாரு டிரைவரு, வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்கி வுடுறதுன்னா என் மருமவ வருவா. ஷேர் ஆட்டோ, டவுன் பஸ்ஸுன்னு நா அலைய வுட மாட்டேன், ஆமா."

எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் இதுதான் சட்டம். கம்பெனி பஸ் வந்தால் பெண் வேலைக்குப் போவாள். பஸ் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். அதுவும் மோகனா ஊருக்குக் காலை ஷிப்டுக்கு முன்னால் வேறு வண்டியே கிடையாது.

போக்கர் ஆட்டத்தை அவள் போனில் கற்றுக்கொண்டாள். காசு கட்டாமல் சும்மா பாயின்டுக்கு ஆடுகிற ஆட்டம். அதோடு விட்டாளா? அதற்கென்று இருக்கிற கணக்கையெல்லாம் தேடிப் பிடித்துப் படித்தாள். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பஸ்ஸில் இருக்கிற பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன்.

"இன்னாம்மா இது, பஸ்ஸுல சூதாட்டம்? ஹெச்.ஆர். ஆபீசரு பாத்தா என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"சூதாட்டம் இல்லண்ணா, கணக்கு. காசு எங்க இருக்குதுன்னு நீங்களே தேடிப் பாருங்க."

காசு இல்லைதான். தோலில் பஞ்ச் போடும்போது விழுகிற வட்ட வட்டமான கழிவுத் துண்டுகளைப் பொறுக்கி வந்து அவற்றைத்தான் பந்தயமாக வைத்தார்கள். எல்லாத் துண்டையும் தோற்றவள் மதியச் சாப்பாட்டில் தன் பொரியலைக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டமும் ரம்மி மாதிரி இல்லை. கையில் இரண்டே சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நல்ல சீட்டு இருப்பவளும் துண்டை முன்னால் தள்ளலாம், ஒன்றுமே இல்லாதவளும் இருப்பதுபோலத் தள்ளலாம். எதிரில் இருப்பவள் நம்பினால் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஒதுங்குவாள், அதற்கு ஸ்கூட் என்று பெயர். நம்பாவிட்டால் தானும் அவ்வளவு துண்டைப் போட்டு, "காட்டுடி" என்பாள்.

ஆலங்காயத்தில் ஏறும் ஹேமலதா மோகனாவுக்கு உயிர்த்தோழி. தையல் மெஷினில் இருக்கிறாள். அவளுக்குத்தான் ஆத்திரம் அதிகம் வரும்.

"இவ எப்ப நெஜம் சொல்றா, எப்ப புளுகுறான்னே தெரிய மாட்டேங்குதுண்ணா! மூஞ்ச பாத்தா பால் குடிக்கிற பூன கணக்கா இருக்குறா."

"எனக்கே தெரியாதுடி," என்று மோகனா சிரித்தாள். "கையில குப்ப வந்தா வாட்ச்ச பாப்பேன். வினாடி முள்ளு வலது பக்கம் போயிட்டிருந்தா துண்ட தள்ளி பொய்யா அடிப்பேன், இடது பக்கம்னா ஸ்கூட். நல்ல சீட்டு வந்தாலும் சும்மானாச்சும் வாட்ச்ச பாப்பேன். முடிவு பண்றது முள்ளு. அப்புறம் என் மூஞ்சில இன்னா தெரியும்?"

"அதுக்கு ஒரு கணக்கா?"

"ஆமா. நா அடிக்கிற மூணுல ஒண்ணு பொய்யா இருக்கணும். ஜாஸ்தி பொய் சொன்னா நீ எப்பவும் காட்டச் சொல்லுவே. கம்மியா சொன்னா எப்பவும் ஓடிருவே. நடுவுல எவ்ளோ துண்டு சேந்திருக்குதோ அவ்ளோவே அடிச்சு, மூணுல ஒண்ணு பொய்யின்னு வெச்சுக்கோ, நீ காட்டச் சொன்னாலும் ஒண்ணுதான், ஓடிட்டாலும் ஒண்ணுதான். ஒன்னால என்ன ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏண்டி பொய்யே அடிக்க மாட்டேங்குற?" என்றாள் வாணியம்பாடி சைரா. வயதில் மூத்தவள், பேக்கிங்கில் வேலை.

"நீங்கதான் எதுக்கும் ஓட மாட்டீங்களேக்கா! எப்பவும் காட்டு காட்டுன்னு நிக்கிறவங்ககிட்ட பொய் சொல்றது தண்டம்."

பஸ்ஸே குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் டிரைவர் சிரித்தால் மரியாதை போய்விடும் என்று ஹாரனை அடித்தேன்.

போன ஆடி மாதம் வந்தது வினை. டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை, பாதி சீட்டு காலியாக ஓடுகிறது, அடுத்த மாதத்திலிருந்து ஆலங்காயம் ரூட் கிடையாது என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டார். சைராவும் மோகனாவும் போய்க் கேட்டார்கள். "எல்லாருக்கும் வேற வழி இருக்குதும்மா, வருவீங்க," என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் மோகனா சீட்டை எடுக்கவில்லை. இருக்கையில் உட்காரவும் இல்லை. பஸ்ஸின் முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "உக்காரும்மா, பிரேக் போட்டா விழுந்துடுவே," என்று நான் கத்தினேன். அவள் காதில் விழவில்லை.

நிம்மியம்பட்டு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

"ஒரே ஒரு நாள். வெள்ளிக்கெழம. சனிக்கெழம ஷிப்மென்ட் போவணும், அதனால அன்னிக்கி ஆள் இல்லன்னா அவங்களுக்கு மூச்சு நின்னுடும். அன்னிக்கி நம்மள்ல ஒருத்தரும் வேலைக்குப் போவக் கூடாது. பஸ்ஸு காலியா போயி கேட்டுல நிக்கணும். பஸ்ஸு இல்லன்னா நாம இல்லன்னு அவரு நம்பணும்."

"நெஜமா வேலைய வுட்டுட சொல்றியா?" என்று ஹேமலதா பயந்தாள்.

"இல்லடி. வுட்டுருவோம்னு அவரு நெனச்சா போதும். நாம இதுவரைக்கும் அவருகிட்ட ஒரு தடவகூட பொய் ஆடினதில்ல. மொத பொய்ய நம்பிடுவாரு."

இதில் ஒரு முள் இருந்தது. எங்கள் கம்பெனியில் மாதம் முழுவதும் லீவு போடாமல் வந்தால்தான் அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் நின்றாலும் மொத்தமும் போய்விடும். காய்ச்சலில் விழுந்தால்கூடத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதையும் மோகனாவே எடுத்துச் சொன்னாள். "போனஸ் போவும். பஸ்ஸு நிக்காம ஓடும். போனஸா பஸ்ஸா, எது ஓணும்?" பஸ்தான் வேண்டும் என்றார்கள். ஒவ்வொருத்தியும் அவள் கையில் கையடித்துச் சத்தியம் செய்தாள். ஹேமலதா இரண்டு தடவை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மலையடிக்குப் போனேன். மோகனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் பிரேக்கை அழுத்தினேன். அவளுடைய காலும் பழக்கத்தில் இரண்டடி முன்னால் வந்துவிட்டது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு கையை வீசினாள்.

"போங்கண்ணா. எல்லா ஸ்டாப்புலயும் நின்னு ஹாரன் அடிச்சிட்டே போங்க."

போனேன். ஆலங்காயத்தில் யாரும் இல்லை. நிம்மியம்பட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. வாணியம்பாடியிலும் காலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடி சக்கை, சாதித்துவிட்டார்கள் என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். காலி பஸ்ஸை ஓட்டுவதில் இவ்வளவு பெருமை உண்டென்று யார் கண்டார்கள்! ஆம்பூர் கேட்டில் நிறுத்தி, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டேன். ஹெச்.ஆர். வெளியே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. போனை எடுத்து மேலே யாருக்கோ அடிக்கப் போனார்.

அப்போதுதான் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சைரா இறங்கினாள்.

அவளுக்குப் பின்னால் நிம்மியம்பட்டுப் பெண்கள் ஒரு பால் வேனில் வந்தார்கள். ஹைவேயில் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சிலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்து வந்தார்கள். தனித்தனியாகத்தான் வந்தார்கள். கேட்டில் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் பேயைப் பார்த்ததுபோல நின்றுவிட்டார்கள். கடைசியாக ஒரு பைக் வந்தது. கொழுந்தனார் ஓட்ட, பின்னால் ஹேமலதா. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாவிங்களா!" என்று கத்திவிட்டேன். கேட் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஹெச்.ஆர். போனைப் பைக்குள் போட்டார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "யாரு வரல? மோகனா மட்டுமா? பெருமாளு, இவ்ளோ பெரிய வண்டி அந்த ஒரு பொண்ணுக்கா ஓடுது?"

சைராவுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. "இல்ல சார், எங்களுக்கும் பஸ்ஸு ஓணும் சார். இன்னிக்கி எப்டியோ கஷ்டப்பட்டு வந்தோம்," என்றாள். சீட்டைத் திறந்து தரையில் போட்ட பிறகு பேசி என்ன பிரயோஜனம்? அவர் கேட்காமலே உள்ளே போய்விட்டார்.

டீ நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. ஹேமலதாவை மடக்கினேன். "இன்னா பொம்பளம்மா நீ? ரெண்டு தடவ கையடிச்சியே!"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "எல்லாரும்தான் நின்னுடுவாங்களே, நா ஒருத்தி வந்தா இன்னா கெட்டுடப் போவுதுன்னு நெனச்சேன்ணா. எல்லாரும் வருவாங்கன்னு தெரிஞ்சா நா வந்திருப்பேனா?"

சைராவைக் கேட்டேன், அவளும் அதையே சொன்னாள். பால் வேனில் வந்தவர்களும் அதையே. சொல்லி வைத்தாற்போல ஒரே வார்த்தை! திட்டுவதற்குக்கூட எனக்குத் தனியாக ஓர் ஆள் கிடைக்கவில்லை.

மாதக் கடைசியோடு ஆலங்காயம் ரூட் நின்றது. மற்றவர்களெல்லாம் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் வந்துபோகிறார்கள். மோகனா வீட்டில் உட்கார்ந்து, ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற ஷூ மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுக்கிறாள். பூவம்மாளுக்குத் திருப்தி. என்னைக் கணியம்பாடி ரூட்டில் போட்டுவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, வண்டி எந்த ரோட்டில் ஓடினால் என்ன. என்னை இன்றுவரை உட்கார விடாமல் பிடுங்குவது அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமைக் காலைதான்.

வழக்கம்போல முதல் ஆளாக மோகனா ஏறினாள். போனில் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல யாருக்கு முகம் இருக்கிறது? ஆலங்காயம் வருகிறவரை பஸ்ஸில் நானும் அவளும்தான். எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவரு மூஞ்சி எப்டிண்ணா இருந்திச்சு?"

சொல்லித் தொலைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். யார் எதில் வந்தார்கள், அவர் எப்படிச் சிரித்தார், என்ன கேட்டார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஹேமாவுமா?"

"ஹேமாவும்தான். கொழுந்தனார் பைக்குல."

"எல்லாருக்கும் ஏதோ ஒரு வழி இருந்திருக்குது," என்றாள். "எனக்கு மட்டுந்தான் இல்ல. அவருக்கு அத நாந்தான் காட்டிக் குடுத்துட்டேன், இல்ல?"

நான் எரிந்து விழுந்தேன். "இம்மாங் கணக்கு படிச்சியே, இது ஒனக்குத் தெரியலியா? இவளுங்க வருவாளுங்கன்னு அந்தக் கணக்கு சொல்லலியா?"

"சொல்லிச்சுண்ணா. அன்னிக்கி சாயங்காலம் நடந்துக்கிட்டே அதான் போட்டுப் பாத்தேன். மத்தவங்க நின்னாலும் சரி, வந்தாலும் சரி, ஒவ்வொருத்திக்கும் வர்றதுதான் லாபம்னு வந்திச்சு. திருப்பிப் போட்டேன். அப்பவும் அதேதான்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா இந்த வேலைய பண்ணே?"

"ஹேமாவையும் அந்தக் கணக்குல சேத்துப் பாக்க மனசு வரலண்ணா."

ஆலங்காயம் வந்துவிட்டது. ஸ்டாப்பில் ஹேமலதா நின்றிருந்தாள். எனக்கு நிறுத்த மனமில்லை. ஆக்ஸிலரேட்டரிலேயே கால் இருந்தது.

"நிறுத்துங்கண்ணா," என்றாள் மோகனா. "அவளுக்கு போனஸ் போயிடும்."

நிறுத்தினேன். மோகனா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தினமும் செய்வதுபோல ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். ஹேமலதா ஏறி வந்து அந்த இடத்தைப் பார்த்தாள். உட்காரவில்லை. பாதி சீட்டு காலியாகக் கிடக்க, ஆம்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாள்.