கிணற்றுக்கு ஒரு வால்

ரேஷன் கடை வாசலில் என் மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த மாசி மாதம் எங்கள் தெருவில் ஆட்கள் நிற்பதில்லை, டின்கள்தான் நின்றன. வளைந்தது, நெளிந்தது, கழுத்தில் சணல் கட்டியது, பெயின்ட்டால் பெயர் எழுதியது என்று வெயிலில் பொறுமையாகக் காத்திருக்கும் ஒரு தகரக் கூட்டம். எழுபத்து நான்காம் வருஷம் எல்லோரும் எண்ணெயைப் பற்றியே பேசினோம். அரபு நாட்டில் யாரோ குழாயைத் திருகினால் எங்கள் வீட்டு ஸ்டவ் இருமியது.

நான் கிளம்பியதற்குக் காரணம் ஏகாம்பரம். திருத்தணிக்காரன், நெசவாளி. மாதம் ஒருமுறை லுங்கி மூட்டையோடு பட்டணம் வருபவன், போன வாரம் வெறுங்கையோடு வந்தான். சரக்கு எங்கே என்று கேட்டேன். "தறியில லுங்கி இல்ல சார். கெணத்துக்கு வாலு நெய்ஞ்சிகினு இருக்கேன்" என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஏகாம்பரம் வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன். கிணற்றுக்கு வால் என்ற அந்த இரண்டு சொல் என்னை வீட்டில் இருக்க விடவில்லை.

காலை ஆறே கால் மணிக்கு சென்ட்ரலில் திருப்பதி பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு, இரண்டு ரூபாய் எழுபது காசு, எண்பத்திரண்டு கிலோமீட்டர். திருவள்ளூர் தாண்டி மணவூரில் வண்டி நின்றது. நின்றது என்றால் வேரூன்றியது. ஒரு கூட்ஸ் வண்டிக்கு வழிவிட வேண்டுமாம். கடைசியில் அது வந்தது; கறுத்த எண்ணெய்த் தொட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மடியில் காலி டின் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "சத்தத்தக் கேளு. கடகடன்னு காலியாத்தான் போவுது" என்றார். எல்லோரும் திரும்ப உட்கார்ந்தோம்.

அரக்கோணத்தில் இரண்டு இட்லி. பிறகு வயல்களுக்கு நடுவே வண்டி வடக்கே திரும்ப, தணிகை மலை வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது.

பத்து மணிக்கு ஏகாம்பரத்தின் வீட்டில் இருந்தேன். இரண்டு பவர்லூமும் கரண்டுக்காகக் காத்துக் கிடந்தன. பக்கத்துக் குழித்தறியில் நாலு நூலை ஒன்றாக முறுக்கி நெய்த முரட்டுத் துணியைக் காட்டினான். சணல் சாக்குக்கும் ஜமக்காளத்துக்கும் பிறந்ததுபோல இருந்தது. அதைக் குழாயாகச் சுருட்டி, இரட்டைத் தையல் போட்டிருந்தான். ஆள் நீளம்.

விஷயம் இதுதான். கண்டிகைப் பக்கத்தில் ஏகாம்பரத்துக்கு நெல் கொடுக்கும் சுப்பராயலுவின் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்கும் டீசல் இன்ஜினுக்கு டீசல் இல்லை. மாடு கட்டி இறைக்கும் கபிலையைத் திரும்பப் பூட்டப் போகிறார்கள். கபிலையில் தண்ணீர் மொள்ளும் இரும்புச் சாலுக்கு அடியில் யானைத் துதிக்கைபோல ஒரு தோல் வால் தொங்கும். சால் மேலே வந்ததும் அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். சால் கிடைத்தது, தோலை எலி தின்றுவிட்டது. புதுத் தோலுக்கு ஆம்பூர் போக வேண்டும்; பயிர் அதுவரை தாங்காது. "அவங்க கழனி காஞ்சா என் வூட்டு அடுப்பும் காயும் சார். நமக்குத் தெரிஞ்சது நூலு. அதால இன்னா ஆவுமோ அதச் செஞ்சேன்" என்றான் ஏகாம்பரம். கரண்டு எப்போது வருமோ, தறியை விட்டு வர முடியாது என்று வாலை என் தோளில் போட்டு அனுப்பினான்.

பஸ் நிலையத்தில் பஸ் இருந்தது. கண்டக்டரும் இருந்தார், அதன் நிழலில் படுத்து. எப்போது புறப்படும் என்று கேட்டேன். டீசல் வந்தால் பஸ், பஸ் வந்தால் டிக்கெட் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். செங்கல் இறக்கிவிட்டுக் காலி மாட்டு வண்டியோடு அந்த வழியே திரும்பிக்கொண்டிருந்த தேவராஜுதான் ஏற்றிக்கொண்டார். ஏழெட்டு கிலோமீட்டர். காசு வாங்க மாட்டேன் என்றார். லாரிகள் நின்றதிலிருந்து தன் மாடுகளுக்கு ஊரில் மரியாதை வந்துவிட்டதாம்; முன்பெல்லாம் ஹாரன் அடித்துப் பள்ளத்தில் இறக்கிய டிரைவர்கள் இப்போது டீ வாங்கிக் கொடுத்து வாடகை பேசுகிறார்களாம்.

வழியில் ஒரு டீக்கடை. என் தோளில் கிடந்த வாலைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தேவராஜு, யானைக்குப் பேண்ட்டு தெச்சு எத்துகினு போறியா?"

"ஆங். ஒரு காலுதான் ரெடியாச்சு. மிச்சம் மூணு காலுக்கு உன் அளவு வேணுமாம்."

டீ இருபது காசு. சிரிப்புக்குத் தனியாக வாங்கவில்லை.

நண்பகல். மண் பாதை கழனியில் போய் முடிந்தது. நவரைப் போகத்து நெல் கதிர் வாங்கி, பால் பிடிக்கிற நேரம். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. கிட்டே போனால் இலையின் நுனிகள் காகிதம்போலச் சுருண்டிருந்தன. மண்ணில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. சுப்பராயலு ஒரு கதிரைப் பிதுக்கிக் காட்டினார், பால் இருந்தது. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் பதர்தான் என்றார். அவருடைய மனைவி கஸ்தூரி எங்களோடு நின்றாலும் கதிரைப் பார்க்கவில்லை. கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணறு இரண்டு வீட்டுக்குப் பங்கு. இன்னொரு பங்குக்காரர் முனிரத்தினம், சுப்பராயலுவின் அக்காள் கணவர். அவருடைய பயிரும் பக்கத்திலேயே வாடிக்கொண்டிருந்தது. இன்ஜின் அவருடையது. ஆறு வருஷத்துக்கு முன்பு தன் மாடுகளை விற்று வாங்கினார். மாடு இறங்கும் சரிவுப் பாதை இனி எதற்கு என்று மண் போட்டு மூடி, அதன்மேல் செங்கல் வைத்து, ஓடு போட்டு, இன்ஜினுக்கு ஒரு கொட்டாய் கட்டினார். அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், மாடு திரும்பி வராது என்ற நம்பிக்கையில். இரண்டு வீடும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்து, கடைசியில் முந்தின நாள்தான் முனிரத்தினம் ஒரு பக்கச் சுவரை மட்டும் உடைக்க ஒப்புக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் மண்ணைத் தோண்டி, ஒரு ஜோடி மாடு இறங்கும் அளவுக்குச் சரிவு எடுத்திருந்தார்கள். இன்ஜின் இப்போது அவர் வீட்டு மாட்டுக் கொட்டாயில், சாக்கு போர்த்தி.

"தவுடு வெக்கிறியா பாவா அதுக்கு?" என்றார் சுப்பராயலு.

"வெச்சேன். மோந்து பாத்துட்டு உட்டுருச்சு" என்றார் முனிரத்தினம், முகம் மாறாமல்.

பிற்பகலில் வாலைச் சாலோடு தைத்து, வடத்தைக் கட்டி, சுப்பராயலுவின் உழவு மாடுகளைப் பூட்டினார்கள். கபிலை மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். பிறகு அதே சரிவில் மாடு பின்னாலேயே நடந்து ஏற வேண்டும்; அப்போதுதான் சால் மறுபடி நீருக்குள் இறங்கும். வடம் சும்மா இருக்க, முதலில் மாட்டை மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். இறங்கின. அதற்குமேல் உலகத்தில் எந்த மாடும் பின்னால் நடந்ததில்லை என்பதுபோல நின்றன. ஏரில் பழகிய கால்களுக்கு முன்னால் என்ற ஒரே திசைதான். முகத்தில் தள்ளினார்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நெருக்கினார்கள். வைக்கோலைக் காட்டிக் காட்டிப் பின்வாங்கினார் தேவராஜு. வைக்கோலைப் பார்த்து மாடு முன்னால் வந்தது. வலது மாடு படுத்தே விட்டது. வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. வெயில் சாய, கதிர்களின் நிழல் நீண்டது.

கஸ்தூரிதான் சொன்னாள். "பின்னால போவ மாட்டேங்குதா, உடுங்க. முன்னாலயே போவட்டும். கீழ போனதும் வடத்த அவுத்து உட்டுட்டு, பக்கமா சுத்தி மேல வரட்டும். அது வர்றதுக்குள்ள வேற ஜோடி எறங்கட்டும்."

வேற ஜோடி என்றபோது அவள் தேவராஜுவின் வண்டியைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். பொழுது விடிந்து வெயில் ஏறும் வரை வருகிறேன், அதற்குப் பிறகு செங்கல் இருக்கிறது, வைக்கோல் போட்டால் போதும் என்றார். வண்டிச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றி, வடத்தைச் சட்டென்று மாட்டவும் கழற்றவும் ஆகும் என்று அங்கேயே காட்டினார்.

ஆனால் பக்கமாகச் சுற்றி வர வழி வேண்டும். அங்கே கொட்டாயின் மிச்சம் மூன்று சுவரும் ஓடும் நின்றன.

யாரும் முனிரத்தினத்தைப் பார்க்கவில்லை. அவரே பேசினார். தன்னிடம் அஞ்சு லிட்டர் டீசல் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கே இன்ஜினைத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டிவிடலாம், சுப்பராயலு கழனிக்கே முழுசும் பாய்ச்சிக்கொள்ளட்டும், தன்னுடையது கிடக்கட்டும் என்றார். பெரிய மனசு அது. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு ஊத்துவ அண்ணா," என்றாள் கஸ்தூரி. "அடுத்த வாரம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தி சாயும் நேரத்தில் நான் அவரைத் தேடிப் போனேன். மாட்டுக் கொட்டாயில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாக்கை விலக்கிக் காட்டினார், பித்தளை பளபளத்தது. முதல்நாள் தண்ணீர் பீறிட்டபோது மூன்று ஊர் சனம் வந்து நின்று பார்த்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு மேட்டு நிலத்தையும் திருத்தி நெல் நட்டார்களாம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூட, கொஞ்சம் கூட. எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும்?

"செவுரு நின்னுகினு இருந்தா டீசல் வந்துரும்னு ஒரு நெனப்பு சார்," என்றார். "இடிச்சிட்டா அப்புறம் எங்க வந்து எறங்கும் அது?"

மேற்கே வானம் கரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஆந்திரப் பக்கத்து வானொலி ஒன்று தெலுங்கில் விலைவாசி படித்தது.

அன்றிரவு சுப்பராயலு வீட்டுத் திண்ணையில் படுத்தேன். மறுநாள் விடிந்தும் விடியாமலும் கடப்பாரைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். முனிரத்தினம் தனியாளாக ஓடுகளை இறக்கி அடுக்கிவிட்டு, இரண்டாவது சுவரில் இருந்தார். ஓங்கி அடிக்கவில்லை, கல் உடையாமல் ஒவ்வொன்றாக நெம்பினார். சுப்பராயலு எதிர்ப்பக்கம் போய் நின்று வாங்கிக்கொண்டார். எதற்கு இவ்வளவு பத்திரம் என்று தேவராஜு கேட்டபோது, மாடு இறைக்கிற தண்ணீர் கொஞ்சம், அதையும் மண் வாய்க்கால் குடித்துவிடும், கல்லைப் பரப்பினால் கடைசிப் பாத்தி வரை போகும் என்றார் முனிரத்தினம். ராத்திரி முழுவதும் அவர் யோசித்தது அதைத்தான் போலும். இன்ஜின் இருந்த சிமென்ட் மேடையை மட்டும் விட்டார்கள். வால் தண்ணீரைக் கொட்ட அதுவே தொட்டியின் அடி ஆனது.

வாய்க்காலில் செங்கல்லைப் பரப்பி, எட்டு மணிக்கு எல்லாம் தயார். முதல் ஜோடி இறங்கியது. வடம் விறைத்தது, நின்றது. இரண்டு கல்தூணுக்கு நடுவே இருந்த இரும்பு உருளை ஆறு வருஷத் துருவில் இறுகிப்போயிருந்தது. சுத்தியால் தட்டினார்கள். வேப்பெண்ணெய் விட்டார்கள். அசையவில்லை. மாடுகள் மூச்சு வாங்கின. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கழனிப் பக்கம் திரும்பினாள்.

முனிரத்தினம் வீட்டுக்குப் போய் ஒரு டின்னோடு வந்தார். மூடியைத் திறந்தபோது எல்லோருக்கும் வாசனை வந்தது.

"பாவா, அது வேணாம்," என்றார் சுப்பராயலு.

"தள்ளு மாப்ள."

தூணில் ஏறி, உருளையின் அச்சில் டீசலை நூலாக ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி. கீழிருந்து உருளையை நான் ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தேன். சிவந்த சேறாக என் விரல்களில் வழிந்தது. மூன்றாம் தடவை ஏதோ விட்டுக்கொடுத்தது. உருளை கிறீச்சிட்டுக் கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. டின்னை மூடி என்னிடம் நீட்டிய அவர், மாசம் ஒரு தடவை இப்படி விட்டால் இந்த ஒரு டின் தன் ஆயுசுக்கு வரும் என்றார்.

முதல் சால் மேலே வந்தபோது ஏகாம்பரத்தின் வால் நாலு பக்கமும் ஒழுகியது. இரண்டாவதுக்குக் குறைந்தது. ஐந்தாவது சாலில் நூல் ஊறி உப்பிக்கொள்ள, வால் புடைத்து, தொட்டியில் தண்ணீர் ஒரே பாளமாக விழுந்தது. ஒரு ஜோடி இறங்க, ஒரு ஜோடி சுற்றி ஏற, எல்லாக் கால்களும் முன்னால்தான் நடந்தன. இன்ஜின் தண்ணீர் ஓடும், இது நடந்தது. செங்கல் மேல் தயங்கி, வழிகேட்டு, நடந்தது.

இறைத்துக்கொண்டே பேசி முடித்தார்கள். மேட்டு நிலத்துக்கு இனி நெல் இல்லை, கேழ்வரகு. அடுத்த போகம் இரண்டு வீடும் சேர்ந்து, இந்த வாய்க்கால் எட்டுகிற அளவுக்கு மட்டும் நடுவது. கிணற்றோரக் கழனி முனிரத்தினத்துடையது; அதில் சுப்பராயலுவுக்கும் பாதி விளைச்சல். முன்புபோல மூட்டைகள் வராது என்று யாரோ சொன்னார்கள். வராதுதான் என்றாள் கஸ்தூரி, மண்வெட்டியால் மடையைத் திருப்பியபடி.

வெயில் ஏறியதும் தேவராஜு மாடுகளை அவிழ்த்தார். நான் வண்டியில் ஏறியபோது தண்ணீர் கஸ்தூரியின் கழனியில் பாதியைத் தாண்டியிருந்தது. வெடிப்புகளில் அது இறங்கும்போது ஒரு சத்தம் வந்தது, வாய் நிறையக் குடிப்பவன் மூச்சுவிடுவதுபோல. கடைசிப் பாத்திக்கு இன்னும் இரண்டு காலை ஆகும் என்றார் சுப்பராயலு. அதுவரை கதிர் பொறுக்குமா என்று கேட்டேன்.

"பொறுத்துக்கும்," என்று முனிரத்தினம் பதில் சொன்னார். "தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு இல்ல."

மதிய ரயிலில் இரண்டு முறை கை கழுவியும் டீசல் வாசனை போகவில்லை. இருட்டும் முன்பே தெருவுக்கு வந்துவிட்டேன். மண்ணெண்ணெய் முந்தின நாள் பாதிப் பேருக்கு வந்து தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் விட்டுப்போன என் டின் மூன்றாவது இடத்தில் நின்றது. யார் நகர்த்தினார்கள் என்று கேட்டேன். முன்னால் நின்ற டின்னுக்குச் சொந்தக்காரி, எதிர்ச்சந்தில் குடியிருப்பவள், இதுவரை நான் பேசியிராதவள், யோசித்துப் பார்த்தாள். "யாருன்னு தெரியலீங்க. வரிசை நகந்துச்சு, என்னுத தள்ளும்போது உங்களுதையும் தள்ளினேன். எனக்கு முன்னால வேற யாரோ தள்ளிகினு வந்தாங்க."