காப்பிக் களத்தில் டிப்ரஷன்

எந்த உத்தியோகத்திலும் ஒரு வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நோயாளி உத்தியோகத்தில் மட்டும் பதவியின் பெயரை மாற்றி மாற்றி, ஆளை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தலைக்கு நாலு பெயரும் வானவில் நிறத்தில் மாத்திரையும் வாங்கிய அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

எண்பதுகளில் நான் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கு எழுதும் வேலை. இளவயசு. திடீரென்று ஒரு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. போர்வை மட்டும் காப்பி மூட்டையாகக் கனத்தது. அப்போதுதான் வாழவந்தியில் சரோஜாவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவள் அப்பா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வியாதி வாரது தப்பில்லீங்க மாப்ளே. இன்ன வியாதின்னு ஒரு பேரு வேணுமுங்க. பேரு தெரியாம பொண்ணக் குடுக்க மாட்டனுங்க."

சரோஜாவை விட எனக்கு மனசில்லை. பெயர் வாங்கச் சேலத்துக்கு இறங்கினேன்.

புயல் சின்னம்

முதல் டாக்டர் "டிப்ரஷன்" என்றார். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் மலையேறினேன். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி மாதையன் அந்தக் கோடியிலிருந்தே, "என்னவாமுங்க?" என்று கத்தினார். "டிப்ரஷனாம்!" என்று நானும் கத்தினேன்.

வங்கக் கடலில் டிப்ரஷன் என்று ரேடியோ சொன்னால் மழை வரும், எங்கள் எஸ்டேட்டில் காப்பியை மூடு என்று அர்த்தம். கண் மூடித் திறப்பதற்குள் களம் முழுக்கத் தார்ப்பாய். சுள்ளென்று வெயில், கூட்டமே கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தது. வியாதி எனக்குத்தான் என்று நான் விளக்குவதற்குள் சேதி வாழவந்திக்குப் போய், சரோஜாவின் அப்பாவிடமிருந்து பதிலும் வந்துவிட்டது: "மொதல்ல கரையக் கடக்கட்டுமுங்க, அப்பறம் பேசிக்கலாம்."

மரங்களுக்குப் பேர் கூப்பிட்டது

அந்த டாக்டரின் மாத்திரை என்னை எழுப்பியது. எழுப்பியதோடு நிற்கவில்லை. ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு முடித்த கையோடு, எஸ்டேட்டிலிருந்த சில்வர் ஓக் மரங்களுக்கெல்லாம் பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். மரங்கள் "உள்ளேனுங்க" என்றன. நம்பாதவர்கள் அந்த மாத்திரையைத் தின்று பார்க்கலாம்.

மாதையன் தங்கமான ஆள், சிரிக்கவே இல்லை. பக்கத்தில் வந்து நின்று பவ்யமாகச் சொன்னார்: "அந்தக் கடேசி மரம் நேத்தே லீவு சொல்லிருச்சுங்க."

உப்பு

இரண்டாவது டாக்டர் பெயரை மாற்றினார். கொஞ்ச நாள் மேலே, கொஞ்ச நாள் கீழே போகும் வியாதியாம். "அட, நம்ம ஏற்காட்டு பஸ்ஸு!" என்றார் சரோஜாவின் அப்பா. பஸ்ஸுக்குப் பெண் கொடுக்க அவருக்கு யோசனை.

புது மாத்திரை ஒரு வகை உப்பு என்று டாக்டர் சொன்னதை எஸ்டேட் மெஸ்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து என் இலைக்கு மட்டும் சப்பென்று சாம்பார். கை நடுங்கி, கால் தள்ளாடி மறுபடி சேலம் போனால், டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்: இந்த மாத்திரைக்காரன் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவே கூடாதாம். மெஸ்காரருக்கு ஒரே கோபம்: "உப்பக் குடுத்துட்டு உப்பும் போடோணும்னா, அவரு டாக்டருங்களா, கருவாட்டு யாவாரிங்களா?"

கொண்டை ஊசி

மூன்றாவது டாக்டர் சொன்ன பெயர் இங்கிலீஷில் ஒரு முழம் இருந்தது. அடிவாரத்தில் பஸ் ஏறும்போது மனப்பாடமாகத்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு துண்டாக உதிர்ந்து, மேலே வந்து சேர்ந்தபோது "டிசார்டர்" மட்டும் மிச்சம். கடைசி வாய்ப்பென்று அதையே கொண்டுபோய் வாழவந்தியில் கொடுத்தேன்.

சரோஜாவின் அப்பா துள்ளி எழுந்தார்: "ஆர்டரு வந்துருச்சுங்களா! கவர்மெண்டு வேலைங்களா?"

சரோஜாவின் பங்கு

விஷயம் தெரிந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். "மூணு பேரு ஆச்சு. இனிச் சரிப்படாதுங்க மாப்ளே," என்றார். நான் செருப்பை மாட்டினேன். கொய்யாப்பழக் கூடையோடு உள்ளே வந்த சரோஜா அதை இறக்காமலே கேட்டாள்: "ஏனுங்கப்பா, மூணு பேருல ஒண்ணுதான நெசமா இருக்கும்? மிச்சம் ரெண்டும் இவருக்கு இல்லைன்னுதான அர்த்தம்? மூணுல ரெண்டு பங்கு நல்லா இருக்கற மாப்ள இந்த மலையில வேற எவனுங்க? மாத்திரைய ஒழுங்காத் தின்னா, மிச்ச ஒரு பங்க நான் பாத்துக்கறனுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு நாலாவது டாக்டர் நாலாவது பெயர் வைத்தார். ஆக, அன்பர்களே, சரோஜா கணக்கில் நான் இப்போது முக்கால் பங்கு குணமாகிவிட்டேன்.