மஞ்சளில் நனைத்த வெள்ளைச் சீலை

தாய்ப்பாலின் மீது வெளியார் கண் பட்டால் அது மார்பிலேயே திரிந்துவிடும் என்று எங்கள் குடும்பத்தில் நம்பினார்கள். திரிந்த பாலைக் குடித்த குழந்தை முதலில் கக்கும், பிறகு வயிற்றால் போகும், அப்புறம் அதற்கு எந்த மருந்தும் ஏறாது என்பார்கள். ஆகவே கையில் பால்குடிக் குழந்தை இருக்கும்வரை எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலைத் தாண்டி அதிகம் போவதில்லை. போயே தீரவேண்டி வந்தால், பசும்பாலைக் காய்ச்சிச் செம்பில் எடுத்துக்கொண்டு சங்கால் புகட்டுவார்கள். ஆனால் எங்கள் காட்டில் களையெடுக்க வந்த பெண்கள் வேலமரத்தடியில் உட்கார்ந்து எல்லார் எதிரிலும்தான் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். அவர்கள் பால் ஏன் திரியவில்லை என்று, கல்யாணமாகி வந்த புதிதில் நான் கேட்டேன்.

"அவங்களத் திரும்பி யாரு பாக்கறாங்க?" என்றார் நங்கை.

கணவரின் அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் முறை சொல்லுவோம். என் நங்கை சின்ன வயதிலேயே கணவரை இழந்து, வெள்ளைச் சீலையோடு தம்பி வீட்டுக்குத் திரும்பியவர். மாமனார் மாமியார் இல்லாத அந்த வீட்டில் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. கடுமையாகப் பேசுவார், ஆனால் அவர் சொல்வதில் பாதி கேலி என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தனக்குப் பிள்ளை இல்லை என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். குழந்தையின் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்ததை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

கிரகணத்தன்று நான் காலை மடக்கி உட்கார்ந்திருந்ததால் வந்த வினை என்று ஊரில் முடிவு கட்டினார்கள். விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். நீவினோம், பாதம் மடங்கியபடியே இருந்தது. என் கணவர் அதிகம் பேசாதவர். எங்கோ விசாரித்துவிட்டு வந்து, அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கால்களை நிமிர்த்தும் லேடி டாக்டர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் குழந்தையின் பாதத்தைத் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எலும்பு இன்னும் இளசாக இருக்கிறது, வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டால் நேராகும், நடக்கும் வயது வந்த பிறகு வந்தால் தம்மால் ஆகாது என்றார்.

வாரந்தோறும் என்பது அன்று லேசான சொல் அல்ல. யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல், பின்புறம் ஓர் இரும்பு உலையைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடிய பஸ் எங்கள் ஊர் விலக்கில் வந்து நிற்கும். என் கணவர் வண்டியில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுக் காட்டுக்குத் திரும்புவார்; நானும் நங்கையும் குழந்தையோடு போவோம். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும். ஆட்டையாம்பட்டியில் உலையைக் கிளறிக் கரி போடுவதற்காக நெடுநேரம் நிற்கும். காலையில் ஏறினால் சேலத்தில் இறங்கும்போது உச்சிவெயில் ஆகிவிடும்.

முதல் கட்டுப் போட்டுவந்த அடுத்த பயணத்தில், செம்பிலிருந்த பால் அந்த வெயிலுக்குப் புளித்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை, புகட்டிவிட்டோம். சேலத்தில் இறங்குவதற்குள் குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. டாக்டரம்மாள் பழைய கட்டை வெட்டி எடுத்தார். புதிய கட்டுப் போட மறுத்துவிட்டார். பிள்ளை தேறி வரட்டும், அதுவரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு கொடுக்கக் கூடாது, பஸ்ஸிலும்கூட என்றார். பிள்ளை தேறுவதற்குள், கொஞ்சம் நிமிர்ந்திருந்த பாதம் மறுபடியும் உள்ளே திரும்பத் தொடங்கியதை நான் தினமும் பார்த்தேன். அப்போது முடிவு செய்தேன்: பஸ்ஸிலேயே கொடுப்பேன்.

நங்கையிடம் சொன்னேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணு பட்டுப் பாலு திரிஞ்சா?"

"செம்புப் பால்தான் திரிஞ்சுதுங்க நங்கையா. அத யாரு பாத்தாங்க?"

முறம் நின்றது. "படிச்ச புள்ள, பேசத்தான் தெரியும்" என்றார். மறுபடியும் புடைக்கத் தொடங்கி, "சரி, எதப் போட்டு மூடுவ?" என்றார்.

அதுதான் கேள்வி. எனக்கும் கூச்சம் உண்டு. கண்ணேறை நம்பாதவள் என்பதனால் கண்களைப் பொருட்படுத்தாதவளாக நான் ஆகிவிடவில்லை. பின்கொசுவம் வைத்துச் சீலை கட்டும் எங்கள் முறையில் முந்தானை குட்டையாகத்தான் மிஞ்சும். முன்பக்கம் முடிச்சிட்ட ரவிக்கையை அவிழ்த்துக் குழந்தையை அணைத்தால், அந்த முந்தானை இருவரையும் மறைக்கப் போதாது. புதிதாகத் துணி எடுக்கலாம் என்றால் யுத்தம் துணியையும் விட்டுவைக்கவில்லை; அளந்துதான் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவற்றுள்தான் தேடவேண்டியிருந்தது.

என் கூறைச் சீலையை எடுத்துப் போர்த்திப் பார்த்தேன். பட்டின் கனத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டியது. எடப்பாடித் தறியில் நெய்த போர்வை ஒன்று இருந்தது. அதில் கஞ்சி விறைப்பு இன்னும் போகவில்லை, குழந்தையின் கன்னம் சிவந்து கன்றியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற என் கணவர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"இதக் கொண்டு போ."

"ஆம்பளத் துண்டப் போத்திக்கிட்டுப் பஸ்ஸுல உக்காரோணுமா? நல்ல வேடிக்கை" என்றார் நங்கை. ஆயினும் தடுக்கவில்லை.

பிள்ளை தேறியதும், அடுத்த வாரம் அந்தத் துண்டோடு போனோம். பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றபோது குழந்தை பசித்து வீறிட்டது. திரும்பி உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டு அணைத்தேன். குழந்தை பால் குடித்தது. குடிக்கிற மகிழ்ச்சியில் காலால் ஓங்கி உதைத்தது. துண்டு பறந்து முன்னால் இருந்தவரின் தலையில் போய் விழுந்தது. அவர் திரும்பாமலேயே அதை எடுத்துப் பின்னால் நீட்டினார். அந்தக் கண்ணியத்தை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். நங்கை குழந்தையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார். குழந்தை அலறியது.

பக்கத்து இருக்கையில், தலை முதல் கால் வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். சேலத்துக் கடைவீதியில் வியாபாரம் செய்யும் வீட்டைச் சேர்ந்தவராம். வயதில் என்னைப் போலத்தான். அவ்வளவு நேரமும் அவர் தனியாகப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். அந்தத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு சிறிய கை வெளியே வந்து காற்றைப் பிடித்துவிட்டு உள்ளே போயிற்று.

"ஏம்மா, பசிக்குது புள்ளைக்கு. கொடுக்க விடுங்களேன்" என்றார் நங்கையைப் பார்த்து.

"ஊரு கண்ணு பொல்லாதுங்க" என்றார் நங்கை.

"கண்ணுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும். இவன் ஏறினதிலேருந்து குடிச்சிட்டுத்தான் இருக்கான். நீங்க பாத்தீங்களா?"

நங்கை அந்தத் துப்பட்டியை உற்றுப் பார்த்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துப்பட்டியின் ஒரு பக்கத்தை விரித்து, "இந்தாங்க, இன்னொருத்தருக்கும் இடம் இருக்கு" என்றார். நான் நங்கையின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன். வெயில் அந்த வெள்ளைத் துணிக்குள் மெத்தென்று வந்தது. பலமுறை துவைத்துத் தேய்ந்த மல் துணி, காற்றும் வந்தது. குழந்தை உதைத்தது, துணி அகலமாகையால் அசைந்ததோடு சரி. சேலம் வரும்வரை இரண்டு குழந்தைகளும் அதற்குள்ளேயே தூங்கின. அன்று டாக்டரம்மாள் மறுபடியும் மாவுக்கட்டுப் போட்டார்.

அப்படிப்பட்ட துணி எங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நங்கைக்கும் தெரிந்திருக்கவேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கேட்டேன். "உங்க பழைய சீலை ஒண்ணு கொடுங்க நங்கையா."

அவருடைய முகம் அப்படி வெளுத்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பேசாத. தாலி கட்டுனவ மேல என்ர சீலை படக்கூடாது. பட்டா என்ர தம்பிக்கு ஆகாது. உனக்குப் புருசன் வேண்டாமா?"

"எனக்கு அவரும் வேணும், புள்ளையோட காலும் வேணுமுங்க."

"நீ கேட்டுட்டே இரு. நான் தரமாட்டேன்."

நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். காலையில் கேட்டேன்; மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. வாதம் செய்து அவரை வெல்ல எனக்கு விருப்பம் இல்லை. வென்றிருந்தால் அவர் துணியைத் தந்துவிட்டு, தம்பிக்குத் தலைவலி வரும்போதெல்லாம் உள்ளுக்குள் செத்திருப்பார். வேறு ஒரு வழி இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துவிட்டால் அது மங்கலத் துணி. நனைத்துக்கொள்கிறேன் கொடுங்கள் என்றால், மஞ்சளைத் தொடும் உரிமை எனக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்று அவரிடமே சொல்வது போலாகும். கணவர் போன நாளிலிருந்து அவர் மஞ்சளைத் தொட்டதில்லை. சமையலுக்கு வேண்டியதைக்கூட நான்தான் எடுத்துப் போடுவேன்.

சேலம் போகவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தேன். கிணற்றடியில் பெரிய அண்டா. அதற்குள் முழங்கை வரை கைகளை விட்டு, நங்கை தம் சீலையை அமுக்கிக் கொண்டிருந்தார். தண்ணீர் முழுவதும் மஞ்சள். அவர் கைகளும் மஞ்சள். நான் நின்றது தெரிந்தும் அவர் திரும்பவில்லை.

அப்போது தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வளவு வீட்டுப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள். "என்னுங்க இது, கையெல்லாம் மஞ்சளா இருக்குது? ஊட்டுல விசேசமுங்களா?" அந்தக் குரலில் இருந்த ஊசி எங்கள் இருவருக்குமே தைத்தது.

நங்கை சீலையைத் தூக்கி முறுக்கினார். "ஆமா புள்ள. எங்கூட்டுப் புள்ள நடக்கப் போவுது. அதுதான் விசேசம். வாரவங்க எல்லாம் வாங்க."

அந்தப் பெண் போன பிறகு, தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "வேப்பமரத்துல காயப்போடு சாமி. வெயில் போயிருமாட்ட இருக்குது" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் அந்தச் சீலைக்குள் என் மகள் வயிறு நிறையக் குடித்தாள். உதைத்தாள், ஒன்றும் நகரவில்லை. நங்கை ஜன்னல் பக்கம் சுவர் போல உட்கார்ந்திருந்தார். வெற்றி என்றே இருவரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சீலையை விலக்கியபோது டாக்டரம்மாள் பதறிவிட்டார். குழந்தையின் நெற்றி, கன்னம், கழுத்து, மாவுக்கட்டு எல்லாம் மஞ்சள். இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "காமாலையா? எத்தனை நாளாக?" என்றார்.  பக்கத்திலிருந்த நர்சு குனிந்து குழந்தையின் கன்னத்தை முகர்ந்தாள். பிறகு என் மேலிருந்த சீலையைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இது காமாலை இல்லை. கல்யாண வீட்டு வாசம் அடிக்குது!"

பஞ்சால் துடைத்தார்கள், வந்துவிட்டது. நனைத்த துணியை ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுக் காயப்போட வேண்டும். அதை நங்கை செய்யவில்லை. மஞ்சளும் ஒரு சீலைக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு. டாக்டரம்மாளும் நர்சும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நங்கை மட்டும் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அளவு கைக்கு மறந்து போச்சு சாமி."

அதன் பிறகு அந்தச் சீலை வெளுக்க வெளுக்க அவரே நனைத்தார். அளவு மீண்டும் கைக்கு வந்தது. ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டதால் பேச ஆளில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மாவுக்கட்டை முழுதாக எடுத்துவிட்டார்கள். என் மகள் நங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு களத்துமேட்டில் நடந்தாள்; பாதம் முழுவதும் மண்ணில் பதிந்தது. நங்கை குனிந்து அந்தத் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அவர் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. அவர் தம்பி முதுமை கண்டுதான் போனார். அன்று நான் வெள்ளை உடுத்த எடுத்தபோது, கண் மங்கிய அந்தக் கிழவி தடவித் தெரிந்துகொண்டு என் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார். "இந்த ஊட்டுல இது என்னோட போவுட்டும்" என்றார். அப்படியே போயிற்று.

இப்போது இந்த வீட்டில் நானும் என் மகளும் இருக்கிறோம். இருவருமே வெள்ளை உடுத்துவதில்லை.