மூன்றாவது ராஜா

மலேசியாவின் அசாம் ஜாவாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. தண்ணீர் கேட்டு வந்த என்னை ரீத்தா அக்கா உள்ளே உட்காரவைக்கிறார். இன்று, குழந்தை இயேசுவைக் காண மூன்று ராஜாக்கள் வந்து சேர்ந்த திருநாள். கிறிஸ்துமஸிலிருந்து தினமும் ஒரு சாணாக, ஜன்னலிலிருந்து அக்கா நகர்த்தி வந்த பொம்மை ராஜாக்களில் இருவர் குடிலுக்குள் குழந்தை இயேசுவின் அருகில் நிற்கிறார்கள். மூன்றாமவர் மட்டும் குடிலுக்கு வெளியே.

"இவரையும் உள்ள வெச்சிரலாமேக்கா?"

"மூணு ராஜாவும் எம் மூணு புள்ளைங்க பேருல நடந்து வருது தம்பி. பெரியவனுங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போயிட்டானுங்க. இது சின்னவன். சிங்கப்பூர்ல லீவு கெடைக்கல."

அந்த ராஜாவை எடுத்து முந்தானையால் துடைக்கிறார். உள்ளே வைக்கப்போகிறார் என்றுதான் நினைக்கிறேன். அக்கா மறுபடியும் ஜன்னலுக்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்.

"சீனப் பெருநாள் லீவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான் லா. மொதல்லேருந்து நடக்கட்டும்."